ஆயிரத்து இருபத்தாறாம் நாள்

அன்றைக்கு அண்ணன் பட்டியலில் ஏறி ஆயிரத்து இருபத்தாறு நாள். தங்கச்சி அதைக் காலண்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே அன்றைய எண் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

கிட்னிக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. அண்ணன் லிப்ட் மெக்கானிக். நின்றுபோன லிப்டைச் சரிபண்ண பதினாலு மாடி படியேறிப் போன மனுஷன், இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெஷினோடு நாலு நாலு மணி நேரம் கிடக்கிறான். தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று தங்கச்சி முதல் வாரமே போய் நின்றாள். ரத்த வகையே வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆகக்கூடி பட்டியலை விட்டால் கதியில்லை.

இரண்டு கையிலும் ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் அடைத்துப்போய், இப்போது கழுத்தில் குழாய். போன மாதம் பெரிய டாக்டர் தங்கச்சியை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். "இந்தக் குழாயும் அடைச்சுக்கிட்டா அடுத்து எங்க போடுறதுன்னு எனக்கே தெரியலம்மா. கிட்னி சீக்கிரம் வந்தா நல்லது." சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். அவர் மேஜைமேல் இந்தப் பக்கம் இருந்த பேனாவை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அந்தப் பட்டியலைப் போடுகிற புரோகிராமை எழுதினவளே அவள்தான். அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணன் பெயரைப் பதிந்த அன்றைக்கே ஒளிவுமறைவு இல்லாமல் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வரிசையைத் தொடுகிற எந்த வேலையையும் நீ தனியாகச் செய்யக்கூடாது, பட்டியலக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

பட்டியலக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர். கிட்னி ஒன்று கிடைத்திருக்கிறது என்று தகவல் வந்தால் பட்டியலை அச்சடித்து, முதலில் இருப்பவரைக் கூப்பிடுவது அவர் பொறுப்பு. தாளில் முதல் ஐந்து பேர்தான் வருவார்கள். அதிலும் பெயர் இருக்காது. பதிவு எண், காத்திருந்த நாள், தீர்ந்தது. யாருக்கு நாள் அதிகமோ அவருக்கு முதலிடம். போன் பண்ணுகிற நேரத்தில்தான் அந்த எண்ணுக்குரிய பெயரைத் திறந்து பார்ப்பார். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே அண்டக்கூடாது என்று அவரே பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்த முறை. சிபாரிசைத் தூக்கிக்கொண்டு வந்த எத்தனையோ பெரிய மனுஷர்களை வாசலோடு அனுப்பிவைத்திருக்கிறார்.

அன்றைக்குக் காலை பத்தேகால். தங்கச்சி கீழ்த்தளத்தில் தன் மேஜையில் இருந்தாள். திரையின் மூலையில் ஒரு வரி எட்டிப் பார்த்தது. பட்டியல் அச்சிடப்பட்டது, ரத்த வகை ஓ.

அண்ணனுக்கு ஓ வகைதான். ஒரு கிட்னி வந்திருக்கிறது. ஆயிரத்து இருபத்தாறு நாள் காத்திருந்தவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடப் போகிறார்கள்? போனை எடுத்து மேஜைமேல் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணனைக் கூப்பிட்டுவிட்டால் அடுத்த நொடி அவன் இவளைத்தான் கூப்பிடுவான். பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. போன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள்.

"என்னடி எலி, வேலை வெட்டி இல்லையா?" என்றான் அண்ணன். சின்ன வயசிலிருந்து அவளுக்கு எலி என்றுதான் பெயர். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சும்மாதான். யாராவது போன் பண்ணாங்களா?"

"எனக்கு யார் பண்ணப்போறா? பக்கத்துக் கட்டில் ஊசியம்மாதான் காலைல இருந்து என் உசுரை வாங்குறாங்க. என் சட்டைல பட்டன் தொங்குதாம். கழட்டிக் குடு, தைச்சுத் தரேன்னு ஒரே தொல்லை. கழுத்துல குழாயோட எங்க கழட்டுறது?"

ஊசியம்மா என்பது அவன் வைத்த பட்டப்பெயர். தையல்காரம்மா. நாலாம் கட்டில் அவருடையது, ஐந்தாம் கட்டில் இவனுடையது. எங்களுக்கெல்லாம் இவங்கதான் சீனியர் என்று அண்ணன் அவரை வம்புக்கு இழுப்பான். அவர் பதிலுக்கு, உன் வாயைத் தைக்கத்தான் நூல் தேடிக்கிட்டு இருக்கேன் என்பார். தங்கச்சி சிரித்த மாதிரி சத்தம் காட்டிவிட்டு வைத்துவிட்டாள். பட்டியல் விஷயத்தை நோயாளியிடம் வாய்விடக்கூடாது.

எழுந்து மாடிக்குப் போனாள். பட்டியலக்கா அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் ஓர் ஆளும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு துணிப்பை, பையின் வாயில் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அந்த ஆள் காக்கிச் சட்டை போட்டிருந்தார். முழங்கைக்கு உள்பக்கம் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

"மேடம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அவளைப் பார்த்ததும். "தண்ணிகூடக் குடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. குடிக்கல. பஸ்ஸைப் பாதிவழில இன்னொரு டிரைவர்கிட்டக் குடுத்துட்டு அப்படியே ஓடி வரேன்."

"உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"ஆமா மேடம்." அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. "தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது நாள். ஒரு நாள்கூட விடாம எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவர் மனைவி, "சுவத்துல கோடு போட்டே சுவரைப் பாழாக்கிட்டாரு" என்றாள்.

தங்கச்சி தலையை ஆட்டினாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. ஆயிரத்து இருபத்தாறு. கணக்குத் தெரிந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் எது பெரிசு என்று சொல்லிவிடும்.

மேஜைக்கு வந்து ஓ வகைப் பட்டியலைத் திறந்தாள். பார்ப்பதற்குத் தடையில்லை, தொடுவதற்குத்தான் தடை. முதல் வரியில் 989. அதற்குக் கீழே 961, 940. அண்ணனைக் காணோம். உருட்டினாள். எண்ணூறுகள் போயின, ஐந்நூறுகள் போயின, இருநூறுகளும் போயின. நூற்று நாற்பது பேர் உள்ள பட்டியலில் அடிமட்டத்தில், நேற்றுப் பதிந்த ஆள் மாதிரி கிடந்தான் அண்ணன். 1026. நாலைந்து வரி மேலே இன்னொரு நாலு இலக்க எண் இருந்தது, 1391. கண்ணில் பட்டது, மனசில் ஒட்டவில்லை. அவளுக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அட பாவி, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன நடந்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முந்திய சங்கதி. பரிசோதனைக்கூடத்தில் புதிசாக ஒரு கம்ப்யூட்டர் போட்டார்கள். அது நாள் கணக்கைச் சும்மா அனுப்பாமல் ஒரு புள்ளியும் பூஜ்யமும் ஒட்டி அனுப்பியது. 912 என்பது 912.0 என்று வந்தது. அச்சில் அந்தப் புள்ளி சரியாக விழாது. பெரிய டாக்டர் தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இந்த ஆளு ஒன்பதாயிரத்து நூத்தியிருபது நாளா காத்திருக்காரா? இருபத்தஞ்சு வருஷமா? நான் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இது என்றைக்காவது ஒருநாள் ஆளை அடித்துவிடும், புள்ளியை எடுத்துவிடு என்று பட்டியலக்கா சொன்னார்.

எடுத்துவிட்டாள். எண்ணை எழுத்தாக மாற்றி, வாலை நறுக்கிவிடுகிற ஒரே ஒரு வரி. வெறும் பார்வைக்குச் செய்கிற வேலைதானே, வரிசையை யார் தொட்டார்கள்? அப்படித்தான் அவளும் நினைத்தாள், பட்டியலக்காவும் நினைத்தார். இருந்தாலும் முறைப்படி இருபது பொய் நோயாளிகளை உண்டாக்கிப் பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். அச்சு அசலாகச் சரியாக வந்தது. கையெழுத்தும் ஆனது.

ஆனால் அந்த வரியை அவள், வரிசைப்படுத்துகிற வரிக்கு மேலே போட்டுவிட்டாள். கீழே போட்டிருக்கவேண்டும். கம்ப்யூட்டருக்கு எண் வேறு, எழுத்து வேறு. எண்ணாகக் கொடுத்தால் தொள்ளாயிரத்தைவிட ஆயிரம் பெரிசு என்று அதற்குத் தெரியும். அதையே எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் அகராதியில் சொல்லை அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தைத்தான் பார்க்கும். 989-க்கு முதல் எழுத்து ஒன்பது. 1026-க்கு ஒன்று. ஒன்பது மேலே, ஒன்று கீழே. பின்னால் எத்தனை இலக்கம் நிற்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்று இலக்கம் உள்ளவர்களுக்குள் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. நூறு நாள் ஆகாதவர்கள் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார்கள். அவள் உண்டாக்கிய இருபது பொய் நோயாளிகளும் மூன்று இலக்கக்காரர்கள். ஒருத்தனுக்காவது ஆயிரம் என்று போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை.

ஆயிரமாவது நாள் அன்றைக்கு வீட்டில் அண்ணன் தலையணையைத் தட்டிக் கொண்டாடினான். "பத்து சதம் அடிச்சாச்சு எலி, இனிமே என்னை யாரும் அவுட்டாக்க முடியாது" என்றான். அன்றைக்குத்தான் அவனை மேல்மாடியிலிருந்து கீழே போட்டிருக்கிறது அவள் எழுதிய வரி. கயிறு அறுந்த லிப்ட் மாதிரி ஒரே இறக்கம்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கிட்னியைக் கொண்டுவரும் ஐஸ் பெட்டி பன்னிரண்டரைக்கு வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். மறுபடியும் படியேறினாள். பெஞ்சைப் பார்க்காமல் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, பட்டியல் தப்பு."

பட்டியலக்கா கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும், "உங்க அண்ணனுக்கு என்ன ரத்தம்?" என்றார்.

"ஓ."

"அப்போ எனக்கு ஒண்ணு சொல்லு. ஆறு வாரமா உன் கண்ணுக்குத் தெரியாத தப்பு, இன்னைக்கு ஓ வகைல ஒண்ணு வர்ற நேரம் பார்த்துத் தெரியுதா?"

தங்கச்சிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் தான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"நீங்க என்னை நம்ப வேண்டாம் அக்கா." இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் கீபோர்டு பக்கமே போகமாட்டேன். கம்ப்யூட்டரையும் நம்ப வேண்டாம். பதிவு நோட்டை எடுங்க. உங்க கையாலேயே எண்ணுங்க. என் அண்ணன் செத்துப்போயிடுவான் அக்கா. அவனுக்கு இனிமே குழாய் போட இடம் இல்ல."

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக்கூடாது. அது கெஞ்சல். ஆனால் வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. பட்டியலக்கா எழுந்து அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் தேதி போட்டு அவர் கையாலேயே எழுதிவைக்கிற நோட்டு. கிட்னி கிடைத்தவர்கள்மேல் ஒரு சிவப்புக் கோடு. செத்துப்போனவர்கள்மேல் இரண்டு சிவப்புக் கோடு.

முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து இறங்கினார். ஓ வகை, கோடு. ஓ வகை, இரட்டைக் கோடு. மூன்றாம் பக்கத்தில் கோடு இல்லாத முதல் ஓ வகையில் விரல் நின்றது. தேதியைப் பார்த்தார். தாளில் கூட்டிக் கழித்தார். ஆயிரத்து இருபத்தாறு.

"உங்க அண்ணன் நம்பரா இது?"

"ஆமா அக்கா."

விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. புதிசாக மை காய்ந்த ஒற்றைக் கோடு ஒன்றில் நின்றுவிட்டது. பட்டியலக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"இது பதினஞ்சு நாளைக்கு முன்னாடி நான் கூப்பிட்ட ஆள்" என்றார். "இவரு உங்க அண்ணனுக்கு அப்புறம் பதிஞ்சவரு." அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நான்தானே கையெழுத்துப் போட்டேன். நான்தானே கூப்பிட்டேன். பேரைப் பார்க்கக்கூடாதுன்னு சட்டம் பேசினவளும் நான்தான். பேர் இருந்திருந்தா ஒரு நாளாவது கேட்டிருப்பேனே, இந்த லிப்ட்காரர் எங்கே போனாருன்னு."

"தப்பு என்னோடது அக்கா."

"அதை அப்புறம் பேசிக்கலாம். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." போனை எடுத்தார். "உங்க அண்ணன் இப்போ எங்கே? டயாலிசிஸ்லயா? உடனே மெஷினை நிறுத்தச் சொல்றேன்."

வந்துவிட்டது. ஆயிரத்து இருபத்தாறு நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. பட்டியலக்காவின் விரல் பொத்தான்களை அழுத்துகிறது. ஒன்று. இரண்டு.

அப்போதுதான் மனசில் ஒட்டாமல் போன அந்த எண் வந்து ஒட்டியது. 1391.

நீல நோட்டு எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும். சுமார் மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நாள் என்றால் அதற்கு முந்தின நோட்டில் இருக்கவேண்டும். அந்த நோட்டு வெளியே உள்ள சேமிப்பறையில் கிடக்கிறது. இப்போது யாரும் அதை எடுக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாளைக்குப் புரோகிராமைச் சரிபண்ணும்போது அந்த எண் தானாக உச்சிக்கு வந்துவிடும், அடுத்த கிட்னி அந்த ஆளுக்கு. ஒரு மாதம் தள்ளிப்போகும், இரண்டு மாதம் தள்ளிப்போகும். அவருக்குக் கழுத்தில் இடம் இருக்கலாம். யார் கண்டது? என் அண்ணன் அக்கா, என்று மனசு அடித்துக்கொண்டது. என் ஒரே அண்ணன்.

"அக்கா, இருங்க" என்றாள். தன் குரலா அது என்று இருந்தது. "இதுக்கு முந்தின நோட்டு."

"அது எதுக்கு? அதுல எல்லாம் முடிஞ்சுபோன ஆளுங்க."

"ஒருத்தர் இருக்காங்க. ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. பட்டியல்ல அண்ணனுக்கு நாலு வரி மேல பார்த்தேன்."

பட்டியலக்கா போனைக் கீழே வைத்தார். அவளை ஒரு மாதிரி பார்த்தார். சந்தேகமாக இல்லை. அதைவிடத் தாங்கமுடியாத ஒரு பார்வை. பிறகு போய்த் தூசி தட்டி நோட்டைக் கொண்டுவந்தார். கடைசிக்கு முந்தின பக்கத்தில், கோடுகளுக்கு நடுவில், கோடு இல்லாமல் ஒரே ஒரு வரி. ஓ வகை.

முறைப்படி அப்போதுதான் பெயரைத் திறந்தார். பெயரை வாசித்துவிட்டுத் தொழிலையும் வாசித்தார். தையல் வேலை. டயாலிசிஸ், நாலாம் கட்டில்.

தங்கச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களுக்கெல்லாம் இவங்கதான் சீனியர். எத்தனை தடவை அண்ணன் சொல்லியிருக்கிறான், எத்தனை தடவை இவள் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள்.

ஓ வகையில் ஆயிரம் தாண்டினவர்கள் அந்த இரண்டு பேர்தான். மற்ற வகைகளில் ஒருத்தரும் இல்லை. அவளுக்குள் கணக்கு அதுபாட்டுக்கு ஓடியது, நிறுத்த முடியவில்லை. ஆறு வாரத்தில் ஓ வகையில் வந்தது இரண்டே கிட்னி. அந்த வரியைக் கீழே போட்டிருந்தால் பதினைந்து நாளைக்கு முன்னால் வந்தது ஊசியம்மாவுக்குப் போயிருக்கும். அடுத்து வந்தது அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் அண்ணன். அடுத்து வந்தது இன்றைக்கு வந்தது. வேறு யாரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை. அவள்தான் பறித்தாள்.

பட்டியலக்கா நாலாம் கட்டிலுக்குப் போன் பண்ணிவிட்டு, பெரிய டாக்டரிடம் இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு கதவைப் பார்த்தார். "வெளில இருக்கறவருகிட்டச் சொல்லணும்."

"நான் சொல்றேன் அக்கா."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பட்டியல் தப்பாக வந்துவிட்டது, தப்பு செய்தது நான், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாள். டிரைவர் முழங்கையில் இருந்த பஞ்சைப் பிய்த்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் மனைவிதான் வெடித்தாள். "வீட்ல எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டோமே. நீ நல்லா இருப்பியா? நாங்க உன்னை என்ன பண்ணோம்?" தங்கச்சி நின்று வாங்கிக்கொண்டாள். டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு, "வா, போலாம்" என்று மனைவியின் தோளைத் தொட்டார். அவர்கள் படியில் இறங்கிப் போகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு பட்டியலக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரியை வெட்டி ஒரு வரி கீழே ஒட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. பட்டியலை மறுபடியும் போட்டார்கள். 1391, 1026, 989. பட்டியலக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு டாக்டர் முன்னாடி உட்காரணும். ரெண்டு பேரும்" என்றார். வேலை போகலாம். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

டயாலிசிஸ் கூடத்துக்குள் போனபோது நாலாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு கசங்கிக் கிடந்தது. அண்ணன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை ஆட்டினான்.

"எலி, விஷயம் தெரியுமா? ஊசியம்மாவுக்குக் கூப்பிட்டுட்டாங்க. பாதில மெஷினை நிறுத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மனுஷிக்குப் பேச்சே வரல. போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உன்னை விட்டுட்டு முன்னாடி போறேனேப்பா, கோவிச்சுக்காதன்னாங்க. சீனியர் போனாத்தானே ஜூனியருக்குச் சீட்டு, போயிட்டு வாங்கன்னேன்." முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ அடுத்தது நான்தானே? நீ சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். ஆனா கணக்கு அதுதானே?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தர் சொல்லி அவன் காதுக்கு வருவதைவிடத் தானே சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்திருந்தாள். சொன்னாள். புள்ளியை எடுத்ததிலிருந்து நோட்டு வரைக்கும், ஒன்றையும் விடாமல்.

அண்ணன் நடுவில் ஒரு தடவைகூடக் கிண்டல் பண்ணவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டு முடித்ததும் போர்வைமேல் கிடந்த கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினான்.

"பதினஞ்சு நாள் முன்னாடி அவங்களுக்கு" என்றான். "இன்னைக்கு எனக்கு."

"ஆமாண்ணா."

"நீ அந்தப் பழைய நோட்டைப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா?"

"இந்நேரம் உன்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அப்பா செத்தபோதுகூட அழாதவன். கழுத்தில் குழாய் இருந்ததால் அழக்கூட வசதியில்லாமல் தலையை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு அழுதான். மெஷின் ஒரு தடவை கத்தியது. நர்ஸ் வந்து குழாயைச் சரிபண்ணி, ஆடாமப் படுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நீ போ" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "கொஞ்ச நேரம் என் கண் முன்னாடி இருக்காத."

அவள் எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாலாம் கட்டிலை ஒட்டி அவன் முதுகுப்பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்தால் அவன் கண் முன்னாடி இல்லை. காலிக் கட்டிலில் தலையணைக்கடியில் ஊசியம்மாவின் நூல்கண்டும் ஊசியும் மறந்து கிடந்தன. அவள் அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அண்ணன் பேசினான். குரல் கரகரத்தது.

"இன்னும் இருக்கியா?"

"இருக்கேன்."

"அம்மாகிட்டச் சொல்லாத."

"சரி."

"நாளைக்கு ஆயிரத்து இருபத்தேழு." கொஞ்சம் நிறுத்தினான். "மேலதானே வருது? நல்லா பார்த்தியா?"

"பார்த்தேண்ணா. நீதான் முதல்ல."

"இன்னொரு தடவை பாரு" என்றான். அவன் இன்னும் திரும்பவில்லை. மெஷினில் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.